லாரி வரிசையில் நின்ற ரத்தம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, பேச வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பேசினால் திட்டிவிடுவேன் என்று பயம். எழுதினால் மட்டும் திட்ட மாட்டேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் வீடு. காலையில் அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்து போன் மணி அடிக்கும். எடுத்துப் பார்த்தால் உங்களில் ஒருவர் மூன்று கோடு போட்ட படம் ஒன்றை அனுப்பி, "மேடம், ஓகேவா?" என்று கேட்டிருப்பீர்கள். அவ்வளவுதான். எந்த உயிரணு, எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, யார் எடுத்தது, ஒரு வார்த்தை இருக்காது. படத்தை மட்டும் பார்த்து நான் குறி சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வருடம், காந்தப் புலத்தில் எலக்ட்ரானின் சுழற்சியைப் படிக்கும் ஈ.எஸ்.ஆர். கருவியோடு குப்பை கொட்டியிருக்கிறேன். குறி சொல்லப் படித்ததில்லை.

நாம் செய்வது என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு கெட்டிச் சுவர் இல்லை. எண்ணெய்ப் படலம்போல அசைந்துகொண்டே இருப்பது. அதற்குள் மூலக்கூறுகள் தாராளமாக நகர்கின்றனவா, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் ஸ்பின் லேபிள் என்கிற ஒரு சின்ன மூலக்கூறை உள்ளே செருகி, காந்தப் புலத்தில் வைத்து, அது தரும் மூன்று கோடுகளைப் படிக்கிறோம். இஷ்டத்துக்குச் சுழன்றால் கோடுகள் மெலிந்து உயரமாக வரும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் அகன்று தாழ்ந்துபோகும். காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாததற்குத்தான் இப்போது வருகிறேன்.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்று. சேர்ந்த முதல் வருடம், என் படங்களில் மூன்று கோடுகளுக்கு அடியில் ஒரு பெரிய மேடு வந்துகொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் அதே மேடு. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மாதம் தரையில் கால் பாவவில்லை. கட்டுரைகூட எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்போது கருவிக்குப் பொறுப்பாக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். வந்து பார்த்தார். காலிக் குழாய் ஒன்றை எடுத்தார். நான் குழாய் துடைக்க வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்து உள்ளே வைத்தார். மேடு வந்தது. வீடு எங்கே என்று கேட்டார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன், துணியைத் துவைத்து மாடியில்தான் காயப்போடுகிறேன் என்றேன். மார்க்கெட்டின் இரும்புத் துருத்தூள் முழுக்க அந்தத் துணியில் இருந்தது, காந்தப் புலத்தில் மேடு காட்டியது அதுதான். துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு என்னை எதுவும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் வந்துவிட்டது. கருவி என் பொறுப்புக்கு வந்து, எனக்குக் கீழே ஆராய்ச்சி மாணவர்கள் வந்து, தலை நரைக்கிறவரை அந்தத் திமிர் கூடவே இருந்தது.

எண்ணூர் போகும் வழியில் ஒரு சின்ன பட்டறை. இரும்பு உதிரிப் பாகங்களில் ஒட்டியிருக்கும் கிரீஸைப் போக்க, அவற்றைக் கரைப்பான் நிறைந்த ஒரு பெரிய தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தொட்டிக்கு மூடி கிடையாது. ஆவியை வெளியே இழுக்கும் விசிறி கிடையாது. பதினொரு பேர் முறை வைத்து அதன் மேல் குனிந்து வேலை செய்தார்கள். தலைவலி, தலைசுற்றல், சோறு இறங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். மூடியும் விசிறியும் போடுங்கள், இல்லையென்றால் எங்களைத் தொட்டியிலிருந்து மாற்றுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. எல்லாம் குடியால் வருவது என்று முதலாளி தரப்பில் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் எங்களிடம் வந்தார். கரைப்பான் போய்த் தங்குகிற இடம் சவ்வுதான், இவர்கள் ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வு மாறியிருக்கிறதா என்று உங்கள் கருவியால் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன்.

வேலையைச் செய்தது புனிதா. என் ஆராய்ச்சி மாணவி, திருவொற்றியூர்ப் பெண், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆய்வேடு கொடுக்க அவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளர் சங்க அறையில் டாக்டர் ரத்தம் எடுப்பார், எங்கள் ஜீப் அதை ராயபுரத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவரும், புனிதா சிவப்பணுக்களைக் கழுவி, லேபிள் செருகி, படம் எடுப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் ஆய்வகத்து ஆட்களிடமும் அக்கம்பக்கத்திலும் ரத்தம் வாங்கிக்கொண்டோம்.

நான்கு மாதத்தில் தெளிவாக ஒரு வேறுபாடு வந்தது. பட்டறைக்காரர்களின் சவ்வுகள் கெட்டிப்பட்டிருந்தன. கழுவும்போது மேலே நிற்கும் நீர்கூட அவர்கள் ரத்தத்தில் லேசாகச் சிவந்திருந்தது. அணுக்கள் பலவீனமாகி உடைகின்றன, இது கூடுதல் சான்று என்று புனிதா எழுதினாள். நானும் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அந்த டிக்கை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

விசாரணை திங்கட்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம், அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் புனிதாவின் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று குழாய்களை அடித்துவிட்டு, பக்கத்தில் "விலக்கப்பட்டது" என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அது மூணும் மத்ததோட ஒத்துப்போகல மேடம். நார்மல் மாதிரி வந்துடுச்சு. லேபிள் சரியா ஏறலைன்னு நெனச்சேன்."

மூன்றும் ஒரே நாளில் வந்தவை. அது என்ன நாள் என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. ஜீப் ஓட்டும் மணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. அது கன்டெய்னர் லாரி ஸ்டிரைக் நடந்த நாள், ரோடு காலியாக இருந்தது, வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் எண்ணூரிலிருந்து அரை மணியில் வந்தேன் என்றார். மற்ற நாட்களில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். மூன்று மணி, மூன்றரை மணி என்றார். துறைமுகத்துக்கு உள்ளே போக நிற்கும் லாரி வரிசையில் மாட்டினால் ஜீப்பும் அங்கேயே நிற்கும். பெட்டியில் ஐஸ் உருகும். கோடை மத்தியான வெயிலில், தகரக் கூரை போட்ட ஜீப்பில், அந்த ரத்தம் மூன்று மணி நேரம் வெந்திருக்கிறது. அப்படி வெந்த அணுவின் சவ்வு கெட்டிப்படும், அணு உடைந்து நீரும் சிவக்கும். தொட்டிப் பக்கமே போகாதவன் ரத்தமாக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஒப்பிட வைத்திருந்த ரத்தமோ, மேல் மாடியிலிருந்தும் பக்கத்துத் தெருவிலிருந்தும் பத்து நிமிடத்தில் புனிதா கைக்கு வந்தது.

நான்கு மாதமாக நாங்கள் அளந்தது எண்ணூர் ரோட்டின் லாரி வரிசையை. இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர் ஆய்வகமும் செய்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு மின்சார ரயில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. நல்ல ரயில். ஆனால் ரத்த மாதிரிகளைப் பொது வாகனத்தில் கொண்டுவரக் கூடாது, ஆய்வக ஜீப்பில் மட்டுமே வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பாதுகாப்புக்காக எழுதினோம். எந்த ரோடு என்று யோசிக்காமல் எழுதினோம்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், அதனால்தான் சமாளிக்கக் கஷ்டமாக இருந்தது. வேறுபாடு இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, தொட்டியால் வந்ததா ரோட்டால் வந்ததா என்று தெரியாது என்றேன். பதினொரு குடும்பம் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறது, ஒரு வரி எச்சரிக்கை சேர்த்து அறிக்கையைக் கொடுத்துவிடலாமே என்றார். முதலாளி பக்கம் விவரம் தெரிந்த ஒரே ஓர் ஆள் ஜீப்பின் பயணப் பதிவைக் கேட்டால் போதும், அறிக்கையோடு சேர்ந்து அவர்கள் புகாரும் குப்பைக்குப் போகும் என்றேன். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில், கையெழுத்து உங்களுடையது, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மேஜையில் இருந்த வேறு காகிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

புனிதா கழிவறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே போனது. அந்த மூன்று குழாய்களை ஏன் அடித்தாய், ஒத்துப்போகாததுதான் உன்னிடம் ஏதோ சொல்ல வருகிறது என்று நான் பிடித்துக் கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். டிக் போட்டவள் நான்தானே. உங்களுக்கு இதைச் சொல்வது எதற்கென்றால், அடிக்கிற ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் அன்றைய தேதியோடு அன்று ஊரில் என்ன நடந்தது என்றும் எழுதிவையுங்கள். சிரிப்பீர்கள். எழுதிவையுங்கள்.

சாயங்காலம் தேசிங்கு போன் செய்தார். பதினொரு பேருக்கும் பேச்சாளர் அவர். அதுவரை அவரைக் குரலில்தான் தெரியும். நேரில் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர்கள் எல்லோரும் குழாய் மேல் ஒட்டிய எண்கள்.

"மேடம், திங்கக்கெயம விசாரணை. பேப்பர் வராதுன்னு புனிதா சொல்லுது. இன்னா மேட்டரு?"

விளக்கினேன். என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"லாரி லைன்ல நின்னது உங்க ஜீப்பு. அத்துக்கு நாங்க இன்னா பண்றது?"

மறுபடி ரத்தம் கொடுத்தால் இந்தத் தடவை சரியாகச் செய்கிறோம் என்றேன். நான்கு தபா குத்தியாச்சு, இன்னொரு தபா குத்தினால் என்ன, குத்திக்கோ என்று சொல்லி வைத்துவிட்டார். விசாரணையை ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள்.

இந்தத் தடவை எதையும் விடவில்லை. எண்ணூரிலேயே தொட்டி வேலைக்குப் போகாத பதினொரு பேரைப் பிடித்தோம். மீன் வலைக்காரர்கள், பெட்டிக்கடைக்காரர், கோயில் மணி அடிப்பவர் எல்லோரும் உண்டு. அதே வயது, அதே அறை, அதே ஊசி, ஒரே பெட்டி. சுற்றறிக்கையை நானே ரத்து செய்ய வைத்து, பெட்டியை ரயிலில் கொண்டுவந்தோம். யாருடைய ரத்தம் என்று புனிதாவுக்குத் தெரியாதபடி எண் போட்டுக் கொடுத்தேன். படங்களை எல்லாம் எடுத்து முடித்து, எண்களைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு இல்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. தவறான முடிவு ஒன்று என் கையெழுத்தோடு வெளியே போகாமல் தடுத்துவிட்டேன், எத்தனை பேர் செய்வார்கள் இதை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்த ஜோரில் விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதினேன். தொட்டியில் வேலை செய்கிறவர்களின் சிவப்பணுச் சவ்வுக்கும் மற்றவர்களின் சவ்வுக்கும் இடையே எங்கள் சோதனையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கீழே கையெழுத்து, முத்திரை. சுருக்கமாக, நேர்மையாக எழுதிவிட்டதாக நினைத்தேன். சுருக்கமாக எழுதுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லமாட்டேன்.

பிறகு வேறு வேலைகள் வந்தன. கருவியின் பம்பு பழுதானது. புனிதா லாரி வரிசையையே ஓர் அத்தியாயமாக எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தாள், அது நல்ல அத்தியாயம். ஏழு வாரம் போனது. ஒரு நாள் அவள் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் பட்டறை ஆள் ஒருவரின் மனைவியைப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா இவளிடம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். விடாமல் பின்னால் போய்க் கேட்டதில் விஷயம் தெரிந்திருக்கிறது. என் கடிதத்தை வைத்துப் புகாரை முடித்துவிட்டார்கள். முதலாளி அதை லேமினேட் செய்து, தொட்டிக்கு நேர் எதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.

கோபம் தலைக்கேறியது. முதலில் முதலாளி மேல்தான். வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினால் ஆபத்து இல்லை என்று எப்படிப் படிக்கலாம் என்று புனிதாவிடமே கத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

பட்டறை வாசலுக்குப் போவதற்கு முன்பே அந்த வாசனை வந்தது. நகப்பூச்சு அழிக்கும் மருந்தைப் பாட்டிலோடு மூக்கில் வைத்ததுபோல இருந்தது. ரோட்டில் நின்ற எனக்கே கண் எரிந்தது. உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி ஷிஃப்ட் விடும்வரை காத்திருந்தேன். ஆட்கள் வெளியே வந்தார்கள். யார் தேசிங்கு என்று தெரியாமல், பேச்சுக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். என் பெயரைச் சொன்னதும் கூட வந்தவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்தபோதும் நீங்கள் தொட்டியில்தானே இருந்தீர்கள் என்று கேட்டேன். ரயிலில் வரும்போதுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

"எங்க தொட்டி? வெசாரணைய தள்ளிவச்சாங்க இல்ல, அன்னிக்கே எங்கள பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. ரிப்போர்ட்டு வர்ற வரிக்கும் தொட்டிகிட்ட போவக் கூடாதுன்னு ஆர்டரு. அஞ்சு வாரம் அட்டப் பொட்டிதான் ஒட்டிக்கினு இருந்தோம். தலவலிகூட கொறஞ்சி போச்சு."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியேம்மா."

கேட்கவில்லை. குழாய் எந்த ரோட்டில் வந்தது, எத்தனை நிமிடம் வந்தது, எந்தப் பெட்டியில் வந்தது என்று அத்தனையும் கேட்டவள், ரத்தம் கொடுத்த மனிதர் அந்த அஞ்சு வாரமும் எங்கே நின்றார் என்று கேட்கவில்லை. தொட்டியை விட்டு விலகியிருந்தவர்களை அளந்துவிட்டு, தொட்டியில் வேலை செய்கிறவர்கள் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறேன். முதல் தப்பு புனிதாவுடையது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இது முழுக்க என்னுடையது. அந்தத் தப்பை நம்பி அவர்களைத் திரும்பத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டீ வந்தது. தேசிங்கு கிளாஸை ஒரு கையால் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் உதட்டுக்குப் போவதற்குள் பாதி டீ தளும்பி வேட்டியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, பழகிப்போய்விட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஒரு வருடமாக லேசாக இருந்தது, இப்போது சட்டைப் பித்தானைப் பெண்டாட்டிதான் போட்டுவிடுகிறாள் என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா? தலைவலியைத்தான் கேட்டார், அதைத்தான் சொன்னோம், கை நடுங்குகிறது என்று சொன்னால் குடிகாரன் என்றுதானே எழுதுவார்கள் என்றார். குடிப்பீர்களா? இந்த ஜென்மத்தில் தொட்டதில்லை என்றார்.

அவர் நரம்பில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள காந்தம் வேண்டாம், லேபிள் வேண்டாம், ஒரு கிளாஸ் டீ போதும். என் கருவி சிவப்பணுவின் சவ்வைப் பார்க்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அது பார்க்காத இடத்தில் அந்த மனிதர் கெட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியையாவது கடிதத்தில் எழுதியிருக்கலாம். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். தேசிங்குக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"மொத பேப்பரு தர மாட்டேன்னு சொன்னது நீ. ரெண்டாவது பேப்பரு எயிதனதும் நீ. இப்ப மூணாவது எயிதுவேன்னு சொல்லுவ. நான் எத்த நம்பறது?"

"எதையும் நம்ப வேணாம். நான் என்ன தப்பு செஞ்சேன்னு எழுதுறேன். அதை மட்டும் நம்புங்க."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. இரண்டாவது சோதனையின்போது இந்தப் பதினொரு பேரும் தொட்டியில் வேலை செய்யவில்லை, அதை நான் விசாரிக்கவில்லை, ஆகவே என் முந்தைய கடிதம் தொட்டியைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. என் கருவி நரம்பைப் பார்க்காது. இந்த மனிதரால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, அதை நான் பார்த்தேன். இயக்குநரிடம் காட்டிவிட்டு, பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதி, விசாரித்த அலுவலகத்துக்கு ஒரு பிரதி, முதலாளிக்கு ஒரு பிரதி, டாக்டருக்கு ஒரு பிரதி. ஆய்வகத்தின் மானம் என்னாவது என்று இயக்குநர் கேட்டார். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருப்பது நம் மானத்தைத்தான் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் பதினொரு பேருக்கும் நரம்புச் சோதனை செய்தார். நான்கு பேருக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஆய்வகம் அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விசாரணையைத் திறந்தார்கள். இழுத்து இழுத்து மழைக்காலம் வந்துவிட்டது.

உங்களுக்கு இதில் பாடம் என்று தனியாக எழுதச் சொன்னார்கள். அவசரத்தில் ஒரு முடிவை நிறுத்திவைக்கும் தைரியம் எனக்கு இருந்தது, சரி. அந்தத் தைரியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். இனிமேல் எனக்குப் படம் அனுப்பினால், அது யாருடைய ரத்தம், அவர் அந்த வாரம் என்ன வேலை செய்தார், நீங்கள் அவரைப் பார்த்துப் பேசினீர்களா என்று கூடவே எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் பதில் போட மாட்டேன்.

தொட்டிக்கு மூடி போட்ட அன்றைக்கு தேசிங்கு போன் செய்தார். விசிறியும் மாட்டிவிட்டார்கள், ஆட்களையும் முறை மாற்றிப் போடுகிறார்கள் என்றார். சந்தோஷமாகத்தான் பேசினார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது அப்டியேதான் கீது. டாக்டரு இனிமே சரியாவாதுன்னு சொல்லிட்டாரு. அத்தயும் எயிதிக்கோம்மா."